ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சாம்பவன்

புஷ்பவதி அக்கா மட்டக்களப்பில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகர்ப்பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அவருடைய ஒரே மகன் சாம்பவன் பனிக்கால நெடுஞ்சாலை விபத்தொன்றில் இறந்தான். அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் மனம் நோகக்கூடாது என்று அவன் பெயரைத் தவிர்த்தார்கள். அந்த இரக்கம் வருடக்கணக்கில் நீடித்தது. தம் மகனின் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்காமலே அவர் வாழ்ந்தார்.

புரோசார்ட் என்ற புறநகரில் அவர் வேலை செய்த துணிக்கடையில் குண்டூர்க்காரியான நாகமணி என்ற பெண்ணும் இருந்தார். சென்னையில் சில காலம் வாழ்ந்தவர். துணி மடிக்கும்போது, பள்ளியில் மனனம் செய்த பழைய தெலுங்கு நீதிப் பாடல்களைச் சொல்லி, தமிழில் பொருளும் சொல்லுவார். கோபத்தை அடக்கு, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பன போன்ற அறிவுரைகள். ஒவ்வொரு பாடலும் ஒரே பெயரை விளித்து முடிந்தது.

"ஏன் பிள்ளை, எல்லாத்திலையும் அந்த ஆளைக் கூப்பிடுறாங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"அது அப்படித்தாங்க்கா. சாமி பேரோ, ராஜா பேரோ, யாரோ ஒருத்தர் பேரு. அந்தப் பேரைச் சொன்னாத்தான் பாட்டே முடியும்."

அன்றுதொட்டு அக்கா தாமும் அப்படிப் பாடல்கள் எழுதத் தொடங்கினார். சொல்லிக்கொடுக்க ஒருவருமில்லை. எழுதியவற்றைக் கணினியில் தட்டச்சு செய்தவன் நான். ஒன்று இது:

கோபம் வந்தால் வாசலில் நிறுத்து;
தேநீர் ஆறமுன் திரும்பிப் போகும்,
என் மகனே சாம்பவா.

கடைசி வரி எல்லாப் பாடலிலும் அதுவே. எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு அவற்றை அனுப்பினேன். வெளியீட்டு விழாவில் வாசிப்பார்கள் என்று அறிந்ததும் அக்கா புதுச்சேலை வாங்கினார். "கூட்டத்துக்கு முன்னால சொல்லுவாங்கள் என்ன, தம்பி?" என்று என்னிடம் பலமுறை கேட்டார்.

விழாவில் சர்மிளா என்ற பெண் மலரைப் பார்த்துத் தெளிவாக வாசித்தாள். முதல் பாடல் முடியும் தறுவாயில் அக்கா முன்னே சாய்ந்தார். இரண்டாம் வரியோடு சர்மிளா நிறுத்திவிட்டாள். மண்டபம் கைதட்டியது. அடுத்த பாடலும் அவ்வாறே நின்றது. "என் மகனே சாம்பவா" என்று அக்கா தம் இருக்கையிலிருந்தே சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடையிலிருந்த பதிப்பாசிரியர் இரவிச்சந்திரன், "அக்கா, வாசிச்சு முடியட்டும், பேந்து கதைப்பம்" என்றார்.

விழா முடிந்து மேலங்கிகள் மாட்டும் இடத்தில் நானும் அக்காவும் இரவிச்சந்திரனைச் சந்தித்து, கடைசி வரிகள் எங்கே என்று கேட்டோம்.

"தட்டச்சில விடுபட்டிருக்கும், தியாகராசா அண்ணை. நீங்கள் அனுப்பினதுதானே அச்சில வந்தது" என்றார். நான் என் மின்னஞ்சலையும், அவர் ஒப்புதலுக்கு அனுப்பிய பிழைதிருத்தப் படியையும் பையிலிருந்து எடுத்தேன். இரண்டிலும் எல்லாக் கடைசி வரிகளும் இருந்தன.

"கடவுளே, நீங்கள் ஒண்டையும் எறியிறேல்லையோ?" என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "பக்கத்தில இடம் போதாமப் போச்சு, அண்ணை. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துது, எடுத்திட்டன். கருத்து ஒண்டும் குறையேல்லைத்தானே?"

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இணையப் பதிப்பில திருத்துவம். தலைப்புக்குக் கீழ அந்தப் பேரை வடிவாப் போட்டு, எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் எண்டு ஒரு குறிப்பு எழுதிவிடுறன்."

"ஒருக்காப் போட்டா, ஒருக்காத்தானே தம்பி வருவான்" என்றார் அக்கா.

இரவிச்சந்திரன் நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டது. "அப்ப அந்தப் பேரை எல்லாத்திலையும் போடுறன், அக்கா. அந்தப் பேர் இனி விடுபடாது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இன்னும் சற்று நேரம் அவர் வாயையே பார்த்துக் காத்திருந்தார்; பெயர் வரவில்லை. பிறகு கையை விடுவித்து, மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார்.