விமானம் கடக்கும்வரை

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பாதிரியாருக்கு முன்னால் எலோய்சா ஆன்ட்டிக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். குவாம் தீவில் இறந்தவருக்காக ஒன்பது நாள் ஜெபமாலை உண்டு. அதை முன்னின்று சொல்பவளுக்கு தெச்சா என்று பெயர்; எங்கள் ஊருக்கு ஆன்ட்டிதான் தெச்சா. ‘அருள் நிறைந்த மரியே’ என்று பாதியை அவள் சொல்ல வேண்டும். ‘புனித மரியே’ என்று மீதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். பதில் சொல்லக் குரல் இல்லாவிட்டால் ஜெபம் அந்தரத்தில் நிற்கும்.

ஊரின் வடக்கு எல்லையே விமானப் படைத்தளத்தின் வேலிதான். ஜெபத்தின் நடுவில் விமானம் கிளம்பினால் ஆன்ட்டி நிறுத்திவிடுவாள். ஜெபமாலை மணியின் மேல் கட்டை விரலை வைத்தபடி, இரைச்சல் கடல் பக்கம் போய் அடங்கும்வரை காத்திருப்பாள். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள். வேறு ஊர் தெச்சாக்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் குழந்தைகள்கூட அப்படித்தான் ஜெபம் கற்றுக்கொண்டார்கள். விமானமே இல்லாத நாளிலும் நடுவில் ஒருமுறை நிறுத்துவார்கள்.

அவள் கணவர் கொன்சாலோ இறந்து ஓராண்டு நிறைந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் வட கொரியா எங்கள் தீவின் பெயரைச் சொல்லி ஏவுகணை விடுவேன் என்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பரபரப்பு கூடியது. பெரிய குண்டுவீச்சு விமானங்கள் ஜோடி ஜோடியாக ஏறின. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. வானொலியில் மட்டும் அறிவுரை வந்துகொண்டிருந்தது: வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள், குளித்தால் தலைக்குக் கண்டிஷனர் போடாதீர்கள், கதிர்வீச்சுத் தூசி முடியில் ஒட்டிக்கொள்ளும்.

கடை வாசலில் அதைப் பற்றித்தான் பேச்சு.

“பதினாலு நிமிஷத்துல வந்து விழுமாம்.”

“எங்க மாமா சட்டை தேடவே அரை மணி ஆகும். அவர் வெறும் உடம்போடதான் மோட்சம் போவார்.”

“சிரி, சிரி. இந்த வேலி இருக்கறதாலதானே நம்மளக் குறி வைக்கறான்?”

“வேலி இல்லேன்னா உன் மருமகனுக்கு வேலை எவன் குடுப்பான்? அவன் வேலைக்குச் சேர்ந்தப்பவே அதக் கேட்டிருக்கலாமே!”

ஆளாளுக்குத் தண்ணீர் கேன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆன்ட்டியின் வீடு மர வீடு, தகரக் கூரை. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊரே கான்கிரீட்டுக்கு மாறியபோது கொன்சாலோ மட்டும் மாறவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்பார். அந்த வீட்டில்தான் அவருடைய வருஷ நினைவுக்கான ஒன்பது நாள் ஜெபமாலை தொடங்கியது. முதல் நாள் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. வந்தவர்களும் ஜெபம் முடிந்ததும் வெற்றிலை பாக்குக்குக்கூட உட்காராமல் கிளம்பினார்கள்.

எதிர்வீட்டு தொமாஸ் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான். “ஆன்ட்டி, மிச்ச நாளை எங்க வீட்டுல வெச்சுக்கலாமே. கான்கிரீட் வீடு. ஜனம் தைரியமா வரும்.”

“உங்க மாமா எங்க வருவார்னு நெனைக்கற? அவர் படம் இங்க இருக்கு, விளக்கு இங்க இருக்கு.”

“எதிர்வீடுதானே ஆன்ட்டி. அவருக்கு வழி தெரியாதா?”

“நல்லாத் தெரியும். உன் நாய் கடிச்சதும் தெரியும். அவர் வரமாட்டார்.”

தொமாஸ் சிரித்தான். ஆனால் அடுத்த நாள் அவனும் வரவில்லை.

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் ஆன்ட்டியின் மகன் ரூடி, வாஷிங்டன் மாநிலத்திலிருந்து தினமும் அழைத்தான். உதவிக்குப் போன நான் அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதும் அழைத்தான். போன் மேசையில் கிடக்க, அவன் குரல் பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

“அம்மா, டிக்கெட் போட்டுட்டேன்னு வை. கிளம்பி வா.”

“ஜெபம் முடியட்டும்.”

“யாரும்மா வராங்க இப்ப?”

“வருவாங்க.”

“ஒன்பது நாளை நடுவுல விட்டா என்ன ஆயிடும்?”

“உங்கப்பாவ நடுவழியில விட்டதா ஆகும். நீ சாப்ட்டியா?”

கடைசி நாள் சாப்பாடு போடுவது வழக்கம். ஊர்ச் சாவு ஒவ்வொன்றிலும் ஜெபம் சொல்லிப் பதில் வாங்கியவள், தன் வீட்டுக்கு ஊரே வரும் என்றுதான் சமைத்தாள். சிவப்புச் சோறு பெரிய தட்டுகளில் ஆவி பறந்தது. எலுமிச்சையும் தேங்காய்த் துருவலும் பிசைந்த கோழியும் இருந்தது. கடன் வாங்கிய நாற்காலிகளை வாசல்வரை போட்டாள். அன்று மாலை தளத்தில் ஏதோ பெரிய பயிற்சி என்று வதந்தி. பயிற்சி இல்லை, நிஜம்தான் என்று இன்னொரு வதந்தி. தெருவில் சன்னல்கள் சாத்தியிருந்தன. என் அம்மாவுக்கு ஹோட்டலில் வேலை. நான் மட்டும் போனேன்.

ஆன்ட்டி வாசலைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு முழந்தாளிட்டுத் தொடங்கினாள். அவள் பாதியைச் சொன்னாள். மீதியை நான் சொன்னேன். அத்தனை நாற்காலிகளுக்கு என் குரல் போதவில்லை.

கடைசிப் பத்து மணிகளுக்கு வந்தபோது விமானங்கள் ஏறத் தொடங்கின. ஒன்று அடங்குமுன் அடுத்தது. தகரம் அதிர்ந்தது, கொன்சாலோவின் படத்துக்கு முன் விளக்கு நடுங்கியது. ஆன்ட்டி மணியின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். இரைச்சல் நிற்கவே இல்லை. அவ்வளவு நேரம் அவள் காத்திருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவள் விரல் நகர்ந்தது. உதடு மட்டும் அசைந்தது, குரல் இல்லை. நானும் அந்த விரலைப் பார்த்தே உதட்டை அசைத்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அவள் விமானத்துக்கு நிற்கவில்லை. முடித்துவிட்டு எழுந்தபோதுதான் வானம் ஓய்ந்தது.

“சாப்பிடு” என்றாள். நான் சாப்பிட்டேன். அவள் காலி நாற்காலிகளை மடக்கினாள்.

ஜெபமாலை வீட்டுச் சோறு மிஞ்சக் கூடாது. வந்தவர்கள் கட்டிக்கொண்டு போக வேண்டும். வராதவர்களுக்கு என்ன செய்வது என்று வழக்கம் எதுவும் இல்லை. மறுநாள் காலை அவள் எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் கட்டினாள். நானும் அவளும் வீடு வீடாகப் போனோம். கதவைத் திறந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்தார்கள்.

தொமாஸ் வாசலுக்கே வந்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. சன்னல் ஓரமா நின்னு நாங்க எல்லாருமே பதில் சொன்னோம். ஜெபமாலையோட கடைசிப் பத்து மணியிலதான் உங்க குரல் ரொம்ப நல்லாக் கேட்டுச்சு.”

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவள் பொட்டலத்தின் ஓரத்தில் பிரிந்திருந்த தாளை அழுத்தி மடித்துவிட்டாள்.

“நீங்க சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு, தொமாஸ்” என்றாள். “சோறு சூடு பண்ணிச் சாப்பிடு.”

தெருவைக் கடக்கும்போது ஒரு விமானம் கிளம்பியது. அவள் நடு ரோட்டில் அப்படியே நின்றாள். அது கடல் பக்கம் போய் அடங்கும்வரை நின்றுவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.