திருப்திப் படிவம்

நான் ஆறாவது படித்தபோது, எங்கள் தெருவில் இருந்த படிப்பகத்துக்கு நகராட்சியிலிருந்து ஒரு கட்டுப் படிவங்கள் வந்தன. படிப்பகம் உங்களுக்குத் திருப்தியா என்று பொதுமக்களைக் கேட்க வேண்டுமாம். திருப்தி இல்லை என்றால் அதை மூடி, பேருந்து நிலையத்துப் படிப்பகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். அங்கே ஏற்கெனவே ஆள் உண்டு. எங்கள் படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அத்தை வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்பாவின் தங்கை அவள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பீரோ புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அழுதவள்.

ஊழியரே படிவங்களை மக்களிடம் கொடுத்து வாங்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் அத்தையைக் காப்பாற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் தினமும் வருகிறவர்களிடம் கொடுத்தேன். கதவு திறக்கும் முன்பே வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கும் நெசவாளிகள் அவர்கள். பாவிகள், ஒருவர் பாக்கியில்லாமல் குறை எழுதினார்கள். பெஞ்சில் மூட்டைப்பூச்சி. மின்விசிறி கத்துகிறது, காற்று வரவில்லை. தொடர்கதையில் ஏழாவது வாரத்தை எவனோ கிழித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மூடுவது அநியாயம். பக்கத்தைத் திருப்ப எச்சில் தொட்டால் அந்த அம்மா முறைக்கிறது.

இந்தப் படிவங்களைப் பார்த்தால் படிப்பகத்தை மூடியே விடுவார்கள். அவற்றைப் பையின் அடியில் ஒளித்துவிட்டு, மீதிப் படிவங்களோடு கடைத்தெருவுக்கு ஓடினேன். அங்கே எல்லாரும் தங்கமானவர்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர், "படிப்பகமா? அது எங்கேம்மா கீது?" என்று கேட்டுக்கொண்டே 'மிகவும் திருப்தி' என்பதில் டிக் அடித்தார்.

அத்தையிடம் அந்தப் படிவங்களை மட்டும் நீட்டினேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

"தினம் வர்றவங்க எழுதனது எங்கடி?"

பயந்துகொண்டே பையைக் கவிழ்த்தேன். அத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். மூட்டைப்பூச்சியில் புன்னகைத்தாள், முறைப்பில் வாய்விட்டுச் சிரித்தாள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவற்றையே அடுக்கி, கடைத்தெருப் படிவங்களுக்கு மேலே வைத்தாள். வேலை போகிற துக்கத்தில் அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. புடவை எடுக்க வரும் வியாபாரி ஜரிகை மங்கல், பார்டர் இழுக்கிறது என்று ஒரு மணி நேரம் குறை சொல்லிவிட்டு அதையே மடித்து எடுத்துப் போவார். "அடடா, பிரமாதம்!" என்று சொல்கிறவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதெல்லாம் புடவைக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த வாரம் வெளியூர்க்கார அதிகாரி ஒருவர் வந்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிவங்களைப் புரட்டினார்.

"என்னம்மா, வர்றவங்க யாருக்குமே புடிக்கலயே?"

"புடிக்காதவங்க இத்தினி கவனிப்பாங்களா சார்?" என்றாள் அத்தை.

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் வயதான நெசவாளி ஒருவர் வந்து அவரெதிரில் நின்றார். "இது நான் உக்கார்ற சேருங்க. கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? பேப்பர் படிக்கணும்." அதிகாரி எழுந்துகொண்டார். பெரியவர் உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்து, "இன்னிக்கும் தொறக்க லேட்டு" என்று முணுமுணுத்தார். அதிகாரி சிரித்தார். படிவங்களை ஃபைலில் வைத்து மூடினார்.

படிப்பகம் தப்பியது. புது மின்விசிறியும் வந்தது. வேகம் அதிகம், பேப்பர் பறக்கிறது என்றார்கள்.

அன்று அதிகாரி கிளம்பியதும் பெருமை தாங்காமல் அத்தை முன்னால் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தலையப் பாரு, குருவிக் கூடு. நடக்கறப்ப கால தேய்க்கிற. தெருவெல்லாம் சுத்திட்டு வந்து இன்னும் மூஞ்சி கழுவல."

அத்தைக்கு என்னைத் துளிகூடப் பிடிக்காது என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் அத்தை படிப்பகத்தைப் பூட்டிவிட்டு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள். என் செருப்பைக் குறை சொல்லிவிட்டுப் போனாள்.