மீசைக்காரரின் வயிற்றில் அடித்த மணி

பஸ் டிப்போவில் வெல்டருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். தொழிலாளர் விழாவுக்கு நாடகம் எழுதும் வாய்ப்பு அவருக்கு இந்த வருடம்தான் கிடைத்தது. கடவுளைக் கும்பிட்டுவிட்டு, மகளின் மிச்ச நோட்டில் ஒரு துப்பறியும் நாடகம் எழுதினார். ஓய்வறைக் கடிகாரத்தைத் திருடியது யார் என்று கடைசிக் காட்சியில்தான் தெரியும்.

ஒத்திகை சாப்பாட்டு நேரத்தில், எஞ்சின் கழற்றி நிறுத்திய ஒரு பஸ்ஸுக்குள் நடக்கும். முன்படியில் ஏறினால் மேடைக்கு வந்தாயிற்று. பின்படியில் இறங்கினால் போயாயிற்று.

டிக்கெட் பரிசோதகர் முன்படியில் கால் வைத்ததுதான் தாமதம், பின்சீட்டிலிருந்து பெயிண்டர் கத்தினார்:

"கடிகாரத்தக் குடுத்துட்டு ஏறுங்கண்ணே!"

பஸ்ஸே சிரித்தது. பரிசோதகருக்குக் கன்னத்தை மூடுகிற மீசை. வருடா வருடம் அவர்தான் வில்லன்; அவர் தலை தெரிந்ததுமே திருடன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வேடத்தைப் பறித்தால் மனுஷர் நொந்துபோவார். வெல்டருக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

நாடகக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் கீப்பர் தோளில் கை போட்டார். "கோவிச்சுக்காதீங்க வெல்டரே. வெள்ளிக்கிழமை இன்னொரு வாட்டி படிப்போம். அப்பவும் சரிவரலேன்னா போன வருஷ நாடகத்தையே போட்டுடலாம்."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அவருதான் திருடன்னு பாக்குற எங்களுக்குத்தானே தெரியும்? மேடையில நிக்கிற ஆளுங்களுக்குத் தெரியாதில்ல? அவங்க அவருகிட்டயே போய், 'அண்ணே, நீங்கதான் திருடனப் புடிச்சுத் தரணும்'னு அழுதா எப்படி இருக்கும்!"

நல்ல யோசனையை இறைவன் யார் வாயில் வைத்து அனுப்புவான் என்று யாருக்குத் தெரியும்? வெல்டருக்குச் சட்டென்று பிடிபட்டது. துப்பறியும் கதையில் பார்க்கிறவர்களிடம் மறைக்க வேண்டும். சிரிப்புக் கதையில் பார்க்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, மேடையில் இருப்பவர்களிடம்தான் மறைக்க வேண்டும். காரின் அடிச்சட்டத்தின் மேல் பஸ் பாடியை ஏற்றிப் பற்றவைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! கடைசிக் காட்சியைக் கிழித்தார். திருட்டை முதல் காட்சிக்குக் கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை, சட்டைக்குள் கடிகாரத்தோடு பரிசோதகர் முன்படியில் ஏறினார். துப்பறிபவராக நடிக்கும் கண்டக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று விம்மினார். அந்த நேரம் பார்த்துச் சட்டைக்குள் மணி அடித்தது.

"பசி," என்றார் பரிசோதகர், மீசை துடிக்க.

பெயிண்டர் சீட்டுகளுக்கு நடுவே சரிந்தே விட்டார். ஸ்டோர் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன வருஷ நாடகத்தத் தூக்கிப் பரண்ல போடுங்கப்பா," என்றார்.

பரிசோதகர் மட்டும் படியை விட்டு நகரவில்லை.

"வெல்டரே, இத்தன வருஷமும் என்னப் பாத்துப் பயந்தாங்க. இன்னிக்குத்தான் என் நடிப்பப் பாத்துச் சிரிச்சிருக்காங்க. எனக்கு இன்னும் ரெண்டு பக்கம் எழுதுங்களேன்."

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வெல்டர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நோட்டை ஸ்டீயரிங் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார்.