லாபம், ரெண்டு, மூண்டு

இன்ஸ்பெக்டர் வந்த அன்று வகுப்பில் இருந்தவர்கள்: கதிரையில் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் தலைமை வாத்தியார். பாயில் அரிவரிப் பிள்ளைகள். வாசலில், சால்வையைக் கையில் பிடித்தபடி ஒரு பிள்ளையின் தகப்பன். பாயின் ஓரத்தில் நான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்று என்னை வைத்தார்கள்.

வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. தகப்பன் வயல் செய்கிறவர். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாளே வந்து சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, இந்தச் சோதினையில இவன் தேறாட்டி மறுகா பள்ளிக்கு விடமாட்டன். வயல் வட்டையில குருவி காக்க ஆளில்ல."

மகனுக்கு ஆறு வயது. கெட்டிக்காரன். ஆனால் ஒன்று என்று சொல்லமாட்டான். புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணச் சொன்னால், "லாபம், ரெண்டு, மூண்டு" என்று போவான்.

அது களவெட்டியில், நெல் அடிக்கிற களத்தில், உள்ள வழக்கம். கதிர்ச் சூட்டை மாடு விட்டு மிதித்து நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ஒன்று என்றால் நெல் குறைந்துபோகும் என்று பயம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தலைமை வாத்தியாருக்கும் தெரியும்.

"அது களத்துக்குச் சரி. வாற மனுசன் கொழும்பால வாறார். அவருக்கு ஒண்டு எண்டாத்தான் ஒண்டு" என்று பிரம்பைத் தந்தார்.

நான் அதைக் கூரையில் செருகினேன். அடித்தால் சொல்லுவான். பிறகு என்னிடம் வேறொன்றும் சொல்லமாட்டான். பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏன் மனே, ஒண்டு எண்டு சொன்னா என்ன?"

"குறைஞ்சிரும்."

"புளியங்கொட்டைதானே?"

"அதுவும் குறையப்படாதுதானே அக்கா. உங்களுக்குத்தானே நட்டம்."

என் புளியங்கொட்டைக்காக இத்தனை நாள் பிடிவாதம் பிடித்திருக்கிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பக்கத்துச் சிறுமி அடக்கவில்லை.

"அப்ப வாத்தியார்ர அடிய எண்ணுடா. அது குறையட்டும்!"

எனக்குப் பிள்ளை படிப்பிக்கத் தெரிந்தது அன்றைக்குத்தான். பிழை விட்டால் முதலில் ஏன் என்று கேட்க வேண்டும். திருத்துவது பிறகு. அதற்குப் பின் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். இதற்கு மேலே பெரிதாக ஒன்றும் நான் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் புளியங்கொட்டைகளை அவன் முன்னால் தள்ளினார். "எண்ணு தம்பி, பார்ப்போம்."

அவன் எண்ணாமல் கொட்டைகளைக் கையால் மூடிக்கொண்டான். வாசலில் தகப்பன் சால்வையைத் தோளில் போட்டார். கூட்டிக்கொண்டு போகத்தான்.

என் வீடு வாவிக் கரையில். கை முழுக்க இரவில் நுளம்பு கடித்த தடிப்புகள். கையை நீட்டினேன்.

"இத எண்ணு மனே."

தடிப்புகளைப் பார்த்தான். "இது குறைஞ்சாக் காரியமில்லையா அக்கா?"

"குறையத்தான் வேணும்."

மணிக்கட்டில் விரலை வைத்தான். "ஒண்டு!" என்றான், வெளியே மாட்டுக்குக் கேட்கிற மாதிரி. "ரெண்டு. மூண்டு."

பத்து வந்ததும் இன்ஸ்பெக்டர் போதும் என்றார். தேறினான் என்று எழுதினார். தகப்பன் சால்வையை இறக்கினார். அவன் நிறுத்தவில்லை. எனக்கு ஒரு கடியும் மிஞ்சக்கூடாது என்று மற்றக் கையையும் பிடித்து இழுத்தான். முழங்கை வரைக்கும் போனான்.

பதினேழு.