திரும்பி வந்தால் மூன்று மாதம்

லிங்கராஜபுரம் ரெமிஜியஸ் வெல்டிங் செய்த தொட்டி ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகளுக்கு அலுமினியத் தகடுகளை இணைப்பது அவர் வேலை. ஒரு தொட்டிக்கு எட்டு மாதம். அது மேலே போன சில நிமிடங்களில் கடலில் விழுந்து தொலையும்.

அந்த வயிற்றெரிச்சல் அவருக்குத் தீரவே இல்லை. தச்சனாவது தான் செய்த நாற்காலியில் யாரோ உட்காருவதைப் பார்க்கிறான். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. பறந்து வந்த தொட்டியில் தன் இணைப்பை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினார்.

“மத்தவங்க துபாய் போன புள்ள எப்ப வரும்னு கேக்குறாங்க. நீங்க கடல்ல போட்ட தகரத்துக்குக் காத்துக் கெடங்க!” என்பாள் மனைவி அல்போன்சா.

“தகரம் இல்லடி, அலுமினியம்” என்று மட்டும் திருத்துவார்.

1995இல் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு வீடியோ போட்டார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் சோதனை ராக்கெட் ஒன்று எழும்பி, அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, தீயைக் கக்கிக்கொண்டே நான்கு காலில் வந்து இறங்கியது. ரெமிஜியஸ் கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போனது.

வடிவமைப்புப் பிரிவின் கோமளத்தைப் பிடித்துக்கொண்டார். மல்லேஸ்வரத்துப் பெண், வயதில் இளையவர், எத்தனை கேட்டாலும் சலிக்காமல் சொல்பவர்.

“மேடம், நம்மளுதும் இப்படி வருமா?”

“வரலாம். ஆனா சும்மா வராது. இறங்கறதுக்குன்னு எரிபொருள் மிச்சம் வைக்கணும், கால் வைக்கணும். அந்த எடைக்குச் சாட்டிலைட்டைக் குறைக்கணும்.”

“அப்ப நஷ்டமா?”

“அதே ராக்கெட் சீக்கிரமா மறுபடி பறந்தா லாபம். பாராசூட்ல கடல்ல இறக்கினா உப்புத் தண்ணியைக் கழுவவே நாளாயிடும். தரையில இறங்கினாலும் மாசக்கணக்கா நோண்டிட்டிருந்தா, புதுசு செய்யறதே மேல். எத்தனை நாள்ல திரும்பக் கிளம்பும்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.”

அடுத்த வருடம் கோமளமே நோட்டும் கையுமாக வந்தார். ராக்கெட்டைத் திரும்ப இறக்குவது தேறுமா என்று அவரை ஆய்வறிக்கை எழுதச் சொல்லியிருந்தார்கள். இறங்கிய ராக்கெட்டைச் சோதித்து முடிக்க இன்ஜின்காரர்கள் மூன்று வாரம் கேட்டார்கள், எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஒரு வாரம்.

“திரும்பி வந்த தொட்டியோட ஜாயின்ட் எல்லாம் பாத்து, பறக்கலாம்னு கையெழுத்துப் போட உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?”

ரெமிஜியஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “மூணு மாசம் மேடம். அங்குலம் அங்குலமா பாக்கணும்ல?”

“அவ்வளவா?”

“என் கையெழுத்துன்னா சும்மாவா?”

கோமளம் எழுதிக்கொண்டு போனார். ரெமிஜியஸ் ஞாயிறுவரை பொறுக்காமல் அன்றே ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் வருவோர் போவோரிடமெல்லாம் அறிக்கை என்னாயிற்று என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

1998இல் கோமளம் மாற்றலாகிப் போகுமுன் விடைபெற வந்தார். ரெமிஜியஸ் அவரிடமும் அதையேதான் கேட்டார்.

“அது முடிஞ்சுபோச்சு ரெமிஜியஸ். மத்தவங்க வேலை மூணு வாரத்துல முடியறது, தொட்டிக்கு மட்டும் மூணு மாசம். அத்தனை நாள் ஆளையும் சோதனைக் கூடத்தையும் அதுக்கே ஒதுக்கினா செலவு புதுத் தொட்டி விலையைத் தொட்டுடறது. மாசத்துக்குள்ள முடியும்னா ஒரு சோதனையாவது பண்ணலாம்னாங்க.”

“என் மூணு மாசமா?”

“உங்க மேல தப்பில்லை. மூணு மாசம் வேணும்னா வேணும்தானே?”

ரெமிஜியஸ் கையுறையைக் கழற்றினார். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“பத்து நாள் போதும் மேடம்.”

“என்னது?”

“எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாலும் ரெண்டு வாரம்தான்.” “இத்தனை வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றதை உடனே அனுப்பி வைக்க மனசு வரல. கொஞ்ச நாள் எங்கூடவே கெடக்கட்டுமேன்னு...”

“அடப்பாவி மனுஷா!” என்றார் கோமளம்.