உப்புப் பெண்ணும் என் அண்ணியும்

கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியது யார் என்பதில் எனக்கும் என் அண்ணிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

2004 டிசம்பர். மழைக்காலம் என்பதால் உப்பளத்தில் பாத்தி வேலை கிடையாது. மேட்டில் கீற்று போட்டு மூடியிருந்த பழைய உப்பை மூட்டை பிடிக்க அண்ணியும் நானும் போயிருந்தோம். அப்பா அம்மா இல்லாத என்னைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தது அண்ணனும் அவளும்தான். முகத்துவாரம் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்புவதற்குள் தண்ணீர். எதிலோ தலை மோதியது. அதன்பின் எனக்கு நினைவிருப்பது இதுதான்: உப்புக் குவியலிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். உடம்பு முழுக்க வெள்ளை. நடக்க நடக்க அவள் கால்கள் கரைந்தன. இடுப்புவரை கரைந்த பிறகும் என்னை மேட்டில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இதைத்தான் சொன்னேன்.

“இன்னாடி சொல்ற?” என்றாள் அண்ணி. “நான்தான் உன் சடைய புடிச்சி இழுத்துக்கினு வந்தேன். அங்க வேற யாரு இருந்தா?”

அவள் கையெல்லாம் சிராய்ப்பு. அண்ணி பொய் சொல்லுகிறவள் இல்லை. ஆனால் நான் பார்த்ததும் பொய்யாகத் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே தலையில் எப்படி வைத்துக்கொள்வது?

போதாததற்கு வார்த்தைகள் வேறு இடம் மாறிப்போயின. சோறு என்று சொல்ல வாயெடுத்தால் மணல் என்று வரும். அடிபட்டதால் அப்படி, மெதுவாகச் சரியாகும் என்றார் டாக்டர். பெண் பார்க்க வந்தவர்களிடம் காபித் தட்டை நீட்டி, “சேறு எடுத்துக்குங்க” என்றேன். அவர்கள் காபியைக் குடிக்காமலே போனார்கள். மந்திரிக்க வேண்டும் என்றான் அண்ணன். “அதுக்கு பேயும் இல்ல, பிசாசும் இல்ல, சும்மா வுடு” என்றாள் அண்ணி. எனக்கு என்னதான் ஆகியிருக்கிறது என்று யாராவது தெளிவாகச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

உப்பளமெல்லாம் சேறு மூடிக் கிடந்ததால், அடுத்த வருடம் அண்ணி என்னை ஆரோவில் பக்கம் துணிப்பை தைக்கும் பட்டறைக்குக் கூட்டிப்போனாள்; அவளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே நான் பேசவே இல்லை. ஒருநாள் கரண்ட் போய் மெஷின்கள் நின்றன. பக்கத்து மெஷின்காரி, எங்கள் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பெண், “நெசமா உனக்கு இன்னாதான் ஆச்சி?” என்று கேட்டாள். உண்மையென்று சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று பயம். “ஒரு கதை சொல்றேன்” என்று ஆரம்பித்து, உப்புப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நடுவில் கொக்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மீன் என்று வந்துவிட்டது. மீன்கள் கூட்டமாகப் பறந்து பனைமரத்தில் உட்கார்ந்தன என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கதையில் வரும் ஊரில் மீன் பறக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“அப்புறம் இன்னா ஆச்சி?”

அப்புறம் என்ன ஆனது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன். கரண்ட் வந்தும் யாரும் மெஷினைத் தொடவில்லை.

வேனில் திரும்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: “அதுல நான் எங்கடி இருக்கேன்?”

அவளைச் சேர்த்தால் உப்புப் பெண் போய்விடுவாள். உப்புப் பெண்ணை வைத்தால் அண்ணிக்கு இடமில்லை.

பட்டறையில் பை அளவுக்கு வெட்டிப்போட்ட பிரௌன் தாள்களில், உப்புப் பெண்ணை மட்டும் வைத்து அந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். பேச்சில் வராத வார்த்தை, எழுத்தில் கொஞ்சம் காத்திருந்தால் வந்தது. சில சமயம் தவறான வார்த்தையே வந்து, அதுவே நன்றாக இருக்கும். எது பிழை, எது கதை என்று பிரிக்கத் தெரியாமலே ஒரு வருடத்துக்கு மேல் எழுதினேன். முதலில் அனுப்பிய பதிப்பகத்தில் சிறுவர் கதை என்று திருப்பி அனுப்பினார்கள். 2006 கடைசியில் பாண்டிச்சேரியிலிருந்து இன்னொரு பதிப்பாளர் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். நாவலாகப் போடுகிறோம் என்றார்.

“மீன் பறக்கறது அருமையான கற்பனைம்மா. எப்படித் தோணுச்சு?”

“தெரியலைங்க சார்” என்றேன். அவர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். அட்டையில் என்னை மிகைபுனைவு எழுத்தாளர் என்று போட்டார்கள். எதை மிகையாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன்தான் நாலைந்து சாயங்காலம் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். முடிந்ததும் அழுவாளா, கோபிப்பாளா என்று அடுப்படியிலேயே நின்றேன். அண்ணி, “அவளுக்கு வூடு, புள்ளைங்க எதுனா இருக்குதா?” என்றாள்.

“யாருக்கு அண்ணி?”

“அந்த உப்புக்காரிக்குத்தான். உன்ன ஏத்திவுட்டுட்டு எங்க போனா பாவம்?”

தெரியாது என்றேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், உப்புக்காரி எங்கே போயிருப்பாள் என்று அண்ணியே ஒன்று சொன்னாள். எனக்கு வேறொன்று தோன்றியது. இரண்டாவது நாவலை அங்கிருந்துதான் எழுதத் தொடங்கினேன்.