அவர்கள் கேட்காத கடிதம்

என் தங்கைக்கு அந்த வேலை உத்தரவு வந்தது 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. நினைவை நம்பி இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் டயரியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். செம்பாக்கம் ஏரி வற்றி நடுவில் மட்டும் குட்டையாகத் தண்ணீர் நின்றது என்றும், தாம்பரத்திலிருந்து வரும் பஸ் இரண்டு நாள் ஓடவில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உத்தரவைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: ‘கர்த்தர் கண் திறந்தார்.’ அந்த வரியை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் அம்மா, நான், தங்கை என்று மூன்று பேர். அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, ஓய்வு பெறுவதற்கு முன்பே இறந்துபோனார். நான் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். தங்கை எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹயர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். 1962இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிவு செய்தோம்.

அந்தப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு அலுவலகம் எதிலாவது டைப்பிஸ்ட் வேலை காலியானால், வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் கேட்பார்கள். முதலில் பதிந்தவர் முதலில். ஆகவே அங்கே கொடுத்த பதிவு அட்டைக்கு ஒவ்வோர் ஆண்டும் மதிப்பு கூடிக்கொண்டே போகும். நாங்கள் ஒரு தடவைகூடக் கெடு தவறவிடாமல் அதைப் புதுப்பித்து வந்தோம். ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுக்கு முன்னால் பதிந்தவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பு வரத் தொடங்கியிருந்தது. அரசு வேலை ஒன்றைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை. யார் கையையும் பார்த்து நிற்கக் கூடாது என்பாள். அந்த ‘யார்’ என்பதில் நானும் அடக்கம் என்று எனக்குத் தெரியும்.

இடையில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பம்புசெட் கம்பெனி, கிண்டியில் தொழிற்சாலை தொடங்கப்போகிறது, டைப்பிஸ்டுகள் தேவை. விண்ணப்பத்துடன் ஒரு சிறு தொகைக்குப் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். வைத்து அனுப்பினாள். பரீட்சை, நேர்முகம் எதுவும் இல்லாமல் நேராக உத்தரவே வந்துவிட்டது. ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை, ஜார்ஜ் டவுனில் உள்ள கிளை அலுவலகத்தில் சேர வேண்டும். அரசு டைப்பிஸ்டுக்குக் கிடைப்பதைவிடச் சம்பளம் அதிகம்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் உத்தரவை வாங்கிப் பார்த்தார். “இன்டர்வியூ இல்லாம எவன் சார் ஆர்டர் குடுப்பான்? கல்யாணத்துக்குக்கூடப் பொண்ணப் பாத்துட்டுத்தான் வரான்” என்றார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அதனால் விசாரிக்க முடிவு செய்தேன்.

மோசடிகளைப் பற்றி நான் அறியாதவனல்ல. போன நூற்றாண்டில் போடவே போடாத ரயில் பாதைகளுக்குப் பங்கு விற்றவர்கள், இல்லாத தேயிலைத் தோட்டங்களைக் காட்டிக் கடன் வாங்கியவர்கள், இப்படிப் பலரைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஆகவே ஒழுங்காகவே தொடங்கினேன். முதலில் கடிதத்தை ஆராய்ந்தேன். கனமான தாள். சாய்கோடுகள் போட்டு முறையான குறிப்பு எண். எங்கள் விண்ணப்பத்தின் தேதியைப் பிழையில்லாமல் காட்டியிருந்தார்கள். தங்கை வேறு கோணத்தில் பார்த்தாள். மார்ஜின் அலையவில்லை, அடித்தவள் கைதேர்ந்தவள் என்றாள். பிறகு அலுவலகத்து டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினேன். கம்பெனியின் பெயர் இல்லை. புதுக் கிளைக்கு அதற்குள் எப்படி டெலிபோன் கிடைத்திருக்கும்? விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்கே தெரியும். இல்லாததற்கும் ஒரு காரணத்தை நானே எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவதாக, எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். கம்பெனிக்கு நான்கைந்து கேள்விகள் கேட்டு, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபால் அனுப்பினேன். தபால் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தவனுக்கு அந்த இளஞ்சிவப்பு அட்டைதான் வேதவாக்கு. எங்கள் அலுவலகத்தில் எவ்வளவு பெரிய வழக்கானாலும், எதிர்த் தரப்பின் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்து கோப்பில் தைக்கப்பட்டுவிட்டால் எங்கள் கடமை முடிந்தது. ‘கிடைக்கவில்லை’ என்று அதன் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. ஐந்தாம் நாள் அட்டை வந்தது. கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே வட்டமான ரப்பர் முத்திரை, கம்பெனியின் பெயரோடு. என் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அந்த முகவரி என் அலுவலகத்திலிருந்து கால் மணி நேர நடை. தங்கை சொன்னாள்: “மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன் அண்ணா.”

நான் போகவில்லை. சேர்வதற்கு முன்பே அண்ணன்காரன் போய் நின்றால் சிபாரிசுக்கு வந்தான் என்று நினைப்பார்கள், அவள் தகுதியால் கிடைத்த வேலைக்கு அது களங்கம் என்றேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். சிபாரிசு என்ற சொல்லையே கெட்ட வார்த்தையைப் போலத் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம்.

மற்ற எல்லாவற்றிலும் எச்சரிக்கையாக இருந்தேன். அசல் சான்றிதழ்களை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பவில்லை, அதிகாரியின் கையெழுத்துப் பெற்ற நகல்களை அனுப்பினேன். வேலைக்கு ஒரு காப்புத்தொகையும் கேட்டிருந்தார்கள்; அதை மணியார்டரில் அனுப்பலாம் அல்லது சேரும் நாளில் கட்டலாம் என்றிருந்தது. சேரும் நாளில்தான் கட்டுவோம் என்று எழுதினேன். அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியவை அனைத்தையும் இப்படிக் காப்பாற்றி வைத்தேன்.

பிறகு, அவர்கள் கேட்காத ஒன்றைச் செய்தேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்து அட்டையின் பின்புறம் சில நிபந்தனைகள் அச்சிட்டிருக்கும். வேலை கிடைத்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதை யாரும் மதிப்பதில்லை. தனியார் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே பதிவைப் புதுப்பித்து வந்தவர்கள் எங்கள் சபையிலேயே நிறையப் பேர் உண்டு. நான் அப்படிச் செய்வதற்கில்லை என்று நினைத்தேன். உத்தரவு கிடைத்துவிட்டதால் பதிவை நீக்கிவிடும்படி, பதிவு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினேன்.

கையெழுத்துப் போடக் கொடுத்தபோது அவள் பேனாவை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“சேர்ந்ததுக்கு அப்புறம் எழுதலாமே அண்ணா. ஒரு மாசம் போகட்டுமே.”

“கையில ஆர்டரை வெச்சிக்கிட்டு வரிசையிலயும் நிக்கிறது நியாயமா? உனக்குப் பின்னால நிக்கிற பொண்ணை நினைச்சுப் பாரு.”

அம்மாவும் என் பக்கம்தான் பேசினாள். அப்பா இருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்றாள். தங்கை கையெழுத்திட்டாள். அதையும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அந்த அட்டையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

ஜூலை முதல் தேதி நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை அழைத்துப் போனேன். இருவரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அவள் வெள்ளையில் நீலக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் விரல்கள் மடிமேல் இருந்த கைப்பையைத் தட்டிக்கொண்டே வந்தன. பழக்கத்தில் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

முகவரியைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. கீழே சாக்கு மண்டி. பக்கவாட்டில் மாடிப்படி. படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சலவை உடுப்பில் இருந்தார்கள், எல்லோர் கையிலும் ஒரே மாதிரி நீளக் கவர். அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் மேலே ஏறிப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் கீழே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், நீயும் அந்த லெட்டருதானா? காத்தாலேர்ந்து வந்துகினே கீறாங்க. அவங்க காலி பண்ணிகினு போயி பத்து நாளாவுது.”

என் பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டார்களே என்றேன். அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குரூரம் எதுவும் இல்லை.

“இது நான் போட்ட கையெய்த்து சார். மேல ஆளு இல்லாங்காட்டி போஸ்ட்மேன் என்னாண்ட குட்த்துட்டுப் பூடுவாரு. சீலக்கூட என்னாண்டதான் குட்த்து வெச்சிருந்தாங்க. குத்திக் குத்திக் கை நொந்துபோச்சு. நான் போட்ட கையெய்த்த வெச்சிகினு வேலைக்கி வந்துட்டியே, சார்.”

படியில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மறுகணமே முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் காப்புத்தொகையை மணியார்டரில் அனுப்பியவர் என்று பிறகு தெரிந்தது.

போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, நமக்குப் பெரிதாக நஷ்டமில்லை, போஸ்டல் ஆர்டரோடு போயிற்று என்று நான் தங்கையிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“எம்ப்ளாய்மெண்டுக்கு எழுதின லெட்டர் போய்ச் சேந்துடுச்சா, அண்ணா?”

அதுவரை எனக்கு அது நினைவில்லை. சட்டைப் பையில் அட்டைகள் இரண்டு இருந்தன. இரண்டாவது அட்டையில் இருந்த கையெழுத்து உண்மையானது.

மறுநாள் காலையிலேயே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். தங்கையை உட்காரச் சொன்னார். பதிவேட்டை வரவழைத்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு மேல் சிவப்பு மையில் நேர்கோடு. பக்கத்தில் நான் எழுதிய கடிதம் கோப்பில் தைக்கப்பட்டிருந்தது. உத்தரவே போலி, புகார் கொடுத்திருக்கிறோம் என்று நகலைக் காட்டினேன்.

“நாங்களா எடுக்கலையே சார். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நானும் இத்தனை வருஷமா இந்த சீட்ல இருக்கேன். இப்படி ஒருத்தர் எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்லை.”

மேலிடத்துக்கு எழுதினேன். நவம்பரில் பதில் வந்தது. தாமாகவே நீக்கிக்கொண்ட பதிவுக்குப் பழைய தேதியைத் திரும்ப வழங்க விதியில் இடமில்லை. மீண்டும் எழுதினேன், அதே பதில், வேறு குறிப்பு எண்ணோடு. ஜூலையிலேயே அவளுக்குப் புதுப் பதிவு போட்டிருந்தோம். இழந்த ஆறு ஆண்டுகளை மறுபடி சேர்க்க 1974 ஆகும். அரசு வேலைக்கான வயது வரம்பை அவள் 1973 செப்டம்பரில் தாண்டிவிடுவாள். இதற்குக் கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நாட்களில் நான் அலுவலக மேஜையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதைக் கழித்துப் பார்த்திருக்கிறேன், ஏதோ ஒரு தடவை விடை மாறிவிடும் என்பதுபோல.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பல்லாவரத்தில் ஒரு வக்கீலிடம் சில மாதங்கள் டைப் அடித்தாள். அவர் இறந்துபோகவே அதுவும் நின்றது. ஆரம்பத்தில் அம்மா பேச்செடுத்தபோது, “முடிஞ்சதைப் பேசாதீங்கம்மா” என்று எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்குள் பதில்கள் நிறைய இருந்தன, எல்லாம் நியாயமானவை. கேட்க ஆளில்லாமல் அவை ஒவ்வொன்றாகச் செத்துப்போயின.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவளுக்கு ஒரு தோழி. ஒரே இன்ஸ்டிடியூட்டில் டைப் படித்தவர்கள், 1962இல் சேர்ந்து போய்ப் பதிந்தவர்கள். வரிசை எண்ணில் தங்கைக்கு அடுத்தவள் அவள்தான். 1970 பிப்ரவரியில் அவளுக்கு நேர்முக அழைப்பு வந்து, வேலையும் கிடைத்தது. முதல் நாள் உடுத்துவதற்குத் தங்கை தன் நீலக் கரைச் சேலையைக் கொடுத்தாள்.

அந்தப் பெண் 1973 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் முன் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அலுவலகத்தில் இரண்டு இடம் காலியாகிப் பட்டியல் வரவழைத்திருக்கிறார்கள். அவளே அதைப் பிரித்துப் பார்த்தாளாம்.

“மேலேர்ந்து கீழ வரைக்கும் மூணு தடவை பாத்தேன்டி. உன் பேர் இல்ல. எல்லாம் அறுபத்தாறு, அறுபத்தேழுல பதிஞ்சவங்க.”

“இருக்காதுடி” என்றாள் தங்கை.

“எப்படி இல்லாமப் போவும்? உன் ஃபைலைத் தொலைச்சிட்டாங்கன்னு சொன்னியே, அப்பவே நான் சொன்னேன், போய்ச் சண்டை போடுன்னு. அந்த ஆபீஸ்காரனுங்களுக்கு வெளங்குமாடி? ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னு ஒரு நெனப்பு வேணாம்?”

தங்கை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஐந்து ஆண்டுகளாகச் சபையிலும், இன்ஸ்டிடியூட்டிலும், தெருவிலும்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “நீங்களாவது கேக்கக் கூடாதா அண்ணா? எல்லாத்துக்கும் தேதி போட்டு எழுதிப் போடுவீங்களே. அவனுங்க செஞ்சது அநியாயம்தானே?”

தங்கை சட்டென்று எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். கதவருகில் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வாக்கியம் போதும். அந்த அலுவலகத்தார் எதையும் தொலைக்கவில்லை, நான்தான் எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக எங்களை உட்காரவைத்துப் பேசிய அந்த அதிகாரியின் முகம்கூட ஞாபகத்துக்கு வந்தது. பின்னால் நிற்கிற பெண்ணுக்கு வழி விட வேண்டும் என்று பேசியவன் நான். அந்தப் பெண்தான் எதிரில் உட்கார்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“அநியாயம்தான்” என்றேன்.

அடுத்த மாதம் தங்கைக்கு வயது கடந்தது.